சடங்கு இல்லை, சரி. அப்புறம்?

பெரியப்பா இறந்த மூன்றாம் நாள், எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார்: "பால் ஊத்தலை, காரியம் கிடையாது, திதியும் இல்லைங்கிறீங்க. சரி. அப்புறம் என்னதான் செய்வீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெரியப்பா லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும், சடங்கு எதுவும் கூடாது என்று டைரியில் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். எதெல்லாம் கூடாது என்பது தெளிவாக இருந்தது. என்ன செய்வது என்று மட்டும் அவர் எழுதவில்லை. எங்களுக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

மதம் வேண்டாம் என்பவர்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் 'மாட்டார்'கள்தான். கோயிலுக்குப் போக மாட்டார், திருநீறு பூச மாட்டார், ராகுகாலம் பார்க்க மாட்டார். ஆனால் எதற்குப் பிறந்தோம், எது நல்லது, இந்தக் கஷ்டம் எனக்கு ஏன் வந்தது, செத்தபின் என்ன என்ற கேள்விகள் சாமி கும்பிடாதவரையும் விட்டுவைப்பதில்லை. அவற்றுக்குக் கடவுளையோ மறுபிறவியையோ துணைக்குக் கூப்பிடாமல் பதில் தேடும் சிந்தனைப் போக்குக்கு மானுடவாதம் என்று பெயர். எதிர்வீட்டுக்காரர் கேட்ட 'அப்புறம்' எங்கே வருகிறதோ, அங்கேதான் அது தொடங்குகிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆட்டோவில் யாரோ விட்டுப்போன நகைப் பையை ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தால், மறுநாள் செய்தித்தாளில் 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை' என்று போடுகிறார்கள். அந்த மனிதநேயம் ஒரு குணம். ஆட்டோக்காரர் முருக பக்தராக இருக்கலாம், தொழுகை தவறாதவராக இருக்கலாம். மானுடவாதம் என்பது உலகத்தைப் பார்க்கும் ஒரு முறை. மானுடவாதி என்று சொல்லிக்கொள்பவரிடம் அந்தக் குணம் இருந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இருந்தால் நல்லது.

இன்னொன்று நாத்திகம். அது ஒரே ஒரு கேள்விக்கான பதில். கடவுள் உண்டா? இல்லை. அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நாத்திகர் சாதி பார்க்கலாம், மனைவியை அடிக்கலாம், சோதிடத்தைக்கூட நம்பலாம். நாத்திகம் எதையும் தடுக்காது. மானுடவாதிகளில் நாத்திகர்கள் நிறைய பேர் உண்டு. கடவுள் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரியாததை வைத்து வாழ்க்கையை அமைக்க மாட்டேன் என்பவர்களும் உண்டு.

இதற்கென்று ஓர் உலக அமைப்பு 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உருவானது. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஜூலியன் ஹக்ஸ்லி. உயிரியலாளர், யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். தொடங்கிய அமைப்புகளில் இந்தியாவிலிருந்து முன்னாள் கம்யூனிஸ்ட் எம்.என். ராயின் இயக்கமும் ஒன்று. அங்கே வெளியிட்ட பிரகடனத்தின் சாரம் இவ்வளவுதான்: உலகத்தை அறிய அனுபவமும் ஆதாரமும் பகுத்தறிவும் போதும், எது சரி, எது தப்பு என்பதை மனிதரின் நலனை வைத்து மனிதரே யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும், பிறர்பால் பொறுப்பும் வேண்டும். அதே பிரகடனத்தை 2002இல் திருத்தினார்கள், 2022இல் மறுபடியும் திருத்தினார்கள். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். தன் அடிப்படை ஆவணத்தைக் கூட்டம் போட்டுத் திருத்தி எழுதும் மதத்தை நான் பார்த்ததில்லை.

தமிழில் இந்தப் பேச்சு அதற்கும் வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1880களில் சென்னை இலௌகிக சங்கம் என்ற ஒன்று இயங்கியது. அது நடத்திய 'தத்துவ விவேசினி' இதழ் 1882 முதல் 1888 வரை வந்தது. பெரியார் பிறந்தது 1879இல். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே சென்னையில் சிலர் கடவுள், சாதி, சடங்கு எல்லாவற்றையும் தமிழில் அச்சேற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

நாம் ஏன் பிறந்தோம்?

'ஏன்' என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. "சோறு ஏன் குழைஞ்சு போச்சு?" என்று கேட்டால், தண்ணீர் கூடிவிட்டது என்று காரணத்தைச் சொல்கிறோம். "இவ்வளவு அரிசி ஏன் ஊறுது?" என்று கேட்டால், நாளைக்கு இட்லிக்கு என்று நோக்கத்தைச் சொல்கிறோம். குழைந்த சோற்றுக்கு நோக்கம் கிடையாது. ஊறும் அரிசிக்கு உண்டு, ஏனென்றால் ஊறப்போட்டவர் ஒருவர் இருக்கிறார்.

நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்பதை முதல் வகைக் கேள்வியாக எடுத்துக்கொண்டால், பதில் ஓரளவு கையில் இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. பூமிக்குச் சுமார் 450 கோடி. நம் இனத்துக்கு மூன்று லட்சம் போல. நட்சத்திரங்களுக்குள் சமைந்த தனிமங்கள், பூமியில் தோன்றிய உயிர், தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்த பரிணாமம். கடைசிக் கண்ணியில் நம் அப்பா அம்மா.

கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவது வகை. எதற்காக? வீட்டு அம்மியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்கலாம், மசாலா அரைக்க. அரைக்க வேண்டும் என்று யாரோ நினைத்து, கல்லைக் கொத்தினார். அந்தக் கல் வெட்டிய மலையைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டால்? மலைக்குக் காரணம் உண்டு, பயன்களும் உண்டு. நோக்கம் என்று ஒன்று மலைக்குள் இல்லை. மனிதர்கள் அம்மியா, மலையா என்பதில்தான் மதமும் மானுடவாதமும் பிரிகின்றன. நம்மைக் கொத்திய கை ஒன்று உண்டு என்கிறது மதம். 1945 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஒரு புகழ்பெற்ற சொற்பொழிவில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் போல் சார்த்தர் இதையேதான் காகிதம் வெட்டும் கத்தியை வைத்து விளக்கினார். கத்தி செய்கிறவர் மனதில் அதன் வேலை முன்பே முடிவாகிவிட்டது, மனிதர் விஷயத்தில் அப்படி முடிவு செய்தவர் யாரும் இல்லை, முதலில் இருக்கிறோம், என்னவாக இருப்பது என்பதை அப்புறம் நாமே தீர்மானிக்கிறோம் என்றார்.

இது கேட்கச் சங்கடமான பதில்தான். ஆனால் தமிழ் இதில் நமக்கு ஒரு உதவி செய்கிறது. அர்த்தத்துக்கும் செல்வத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்: பொருள். பொருள் தேடிப் போனான் என்றால், எங்கோ புதைத்து வைத்ததைத் தோண்டப் போனான் என்று யாரும் நினைப்பதில்லை, சம்பாதிக்கப் போனான் என்றுதான் புரிந்துகொள்கிறோம். வாழ்க்கையின் பொருளையும் மானுடவாதம் அந்த மாதிரிதான் பார்க்கிறது. உழைத்து ஈட்டுவது, ஆளுக்கு ஆள் வேறுபடுவது, சில வருடம் கையில் தங்காமல் போவது. அது பெரிய லட்சியமாக இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. பெரியப்பா ஓய்வுபெற்ற பிறகு தெருப் பிள்ளைகளுக்கு மின்சார வேலை கற்றுக்கொடுத்தார். ஒருவன் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

"எல்லாம் ஒரு நாள் அழியத்தானே போகிறது, அப்புறம் எதற்கு?" என்று ஒரு வாதம் உண்டு. இதற்குத் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971இல் ஒரு குறும்பான பதில் சொன்னார். பத்து லட்சம் ஆண்டு கழித்து, நாம் இன்று செய்வது எதற்கும் மதிப்பிருக்காது என்கிறீர்கள். சரி, அதே கணக்கில், பத்து லட்சம் ஆண்டு கழித்து நடக்கப்போவதற்கு இன்று மதிப்பில்லையே. அப்புறம் அதை நினைத்து ஏன் கவலை? தர்க்கம் சரிதான். எனக்கு அதைவிட வாசல் கோலம் உதவுகிறது. மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும் என்று தெரிந்தேதான் விடியற்காலையில் புள்ளி வைக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருளை நீயே ஈட்டிக்கொள் என்பது, வயிறு நிறைந்தவருக்குச் சொல்ல எளிதான வாக்கியம். காலை ஐந்துக்கு எழுந்து, இரவு பத்துக்குத் திரும்பும் ஒருவரிடம் அதைச் சொன்னால் முறைப்பார். அதனால்தான் மானுடவாத அமைப்புகள் தத்துவத்தோடு நிற்காமல் படிப்பு, உரிமை, சுதந்திரம் என்று அரசியல் பக்கமும் போகின்றன. எல்லோரும் ஈட்ட வேண்டும் என்றால், எல்லோருக்கும் முதல் வேண்டும்.

சாமி கண்ணைக் குத்தும்

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் போய்விட்டால் மனிதன் எதையும் செய்வானே என்பது மானுடவாதத்தின் மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. இதற்குப் பதில், 2,400 ஆண்டுக்கு முந்தைய ஒரு நீதிமன்ற வாசலில் இருக்கிறது.

கி.மு. 399. ஏதென்ஸ். சாக்ரடீஸ் மீது தெய்வ நிந்தனை வழக்கு. அது தொடர்பாக வந்தவர், வாசலில் யூதிஃப்ரோ என்பவரைச் சந்திக்கிறார். நீ எதற்கு வந்தாய் என்று கேட்டால், தன் சொந்த அப்பா மீதே கொலை வழக்குப் போட வந்திருப்பதாகச் சொல்கிறார் யூதிஃப்ரோ. பின்கதை இதுதான். நக்ஸோஸ் தீவில் இவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அங்கே ஒரு கூலியாள் குடிபோதையில் வீட்டு அடிமை ஒருவரைக் கொன்றுவிட்டான். அப்பா அந்தக் கூலியாளின் கையையும் காலையும் கட்டி ஒரு பள்ளத்தில் போட்டார். இவனை என்ன செய்வது முறை என்று ஏதென்ஸில் இருக்கும் சமயச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவர ஓர் ஆளை அனுப்பினார். ஆள் திரும்பி வருவதற்குள், பசியிலும் குளிரிலும் கட்டுண்டு கிடந்ததிலும் அவன் செத்துப்போனான்.

அப்பா மீது வழக்குப் போடுவது பாவம் என்கிறார்கள் உறவினர்கள். இல்லை, இதுதான் புண்ணியம், தெய்வத்துக்கு உகந்தது எதுவென்று எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்கிறார் யூதிஃப்ரோ. விடுவாரா சாக்ரடீஸ்? அப்போது கேட்ட கேள்விதான் இன்றுவரை நிற்கிறது: ஒன்று நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா?

இரண்டாவது பதிலை எடுத்துக்கொள்வோம். கடவுள் சொன்னார், அதனால் நல்லது. அப்படியானால் பிள்ளையை வெட்டு என்று சொல்லியிருந்தால் அதுவும் நல்லதாகியிருக்கும். சேச்சே, கடவுள் அப்படிச் சொல்லவே மாட்டார் என்று உடனே சொல்வோம். ஏன் மாட்டார்? அது கெட்டது, அதனால். அப்படியென்றால் கெட்டது எது என்பதை அளக்க நம்மிடம் கடவுளின் சொல்லைத் தவிர வேறோர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. மானுடவாதம், அந்த அளவுகோலை நேரடியாகவே எடுத்துப் பேசுவோம் என்கிறது.

இந்த உரையாடலைத் தத்துவ வகுப்புகளில் கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பள்ளத்தில் கிடந்தவன்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறான். என்ன முறை என்று கேட்டுவர அனுப்பிவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் அவன் செத்தான். குற்றவாளியே ஆனாலும், குளிரில் கிடப்பவனுக்கு ஒரு போர்வை போட யாருடைய தீர்ப்பும் வர வேண்டியதில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வலி என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அடுத்தவருக்கும் வலிக்கும் என்பதும் தெரியும். கூடி வாழ்ந்து பிழைத்த இனம் என்பதால் பிறர் அழுதால் நமக்கு ஏதோ செய்கிறது, நியாயம் தவறினால் கோபம் வருகிறது. இந்த உணர்வுகள் முதலில் வீடு, உறவு, சாதி என்று குறுகிய வட்டத்துக்குள்தான் ஓடும். அந்த வட்டத்தை ஏன் அங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்பது பகுத்தறிவின் வேலை. மானுடவாத அறம் மொத்தமும் இந்த இரண்டின் கூட்டணிதான்.

இதில் எல்லாவற்றுக்கும் விடை எழுதிய புத்தகம் கிடையாது. கருணைக்கொலை சரியா, இறைச்சி தின்னலாமா என்று கேட்டால் மானுடவாதிகள் தங்களுக்குள்ளேயே சண்டை போடுவார்கள். மதத்தை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் வரலாறு பொய்யாக்கிவிட்டது. ஸ்டாலினின் ரஷ்யா கோயில்களைப் பூட்டியது, கூடவே லட்சக்கணக்கானவர்களைத் தொழிலாளர் முகாம்களிலும் அடைத்தது. எம்.என். ராய் இதை உள்ளிருந்து பார்த்தவர். லெனினோடு விவாதித்தவர், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து 1929இல் வெளியேற்றப்பட்டவர். 1940களில் கட்சி அரசியலையே கைவிட்டு, தனிமனிதரின் சுதந்திரத்தை மையமாக வைத்துப் புதிய மானுடவாதத்தை எழுதினார். மனிதகுலம் என்ற பெயரில் ஒரு மனிதரை நசுக்கலாம் என்ற வாதத்துக்கு எதிராகத்தான் அந்த எழுத்து.

எனக்கு மட்டும் ஏன்?

1755 நவம்பர் 1. கிறித்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். காலை நேரம், லிஸ்பன் நகரத்து தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. அப்போது நிலம் குலுங்கியது. கூரைகள் இறங்கின, அப்புறம் கடல் பொங்கி வந்தது, மிஞ்சியதைத் தீ தின்றது. பாவத்துக்குத் தண்டனை என்று பாதிரிமார்கள் பிரசங்கித்தார்கள். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களையா தண்டிப்பது என்று ஐரோப்பா முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கவிதையே எழுதினார்.

போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் செய்தது வேறு. நாடு முழுக்க ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை மணிக்குத் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? அந்தப் பதில்களை இன்றைய நிலநடுக்க ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். பொம்பால் நல்லவர் என்று சொல்ல மாட்டேன், கொடுமைக்காரர். ஆனால் 'எந்தப் பாவத்துக்கு?' என்ற கேள்வியிலிருந்து 'கடல் ஏறியதா, இறங்கியதா?' என்ற கேள்விக்கு மாறியது, மானுடவாதம் துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்துக்கு நல்ல உதாரணம்.

நமக்கு இன்னும் நெருக்கமான காலை ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு சரிந்தபோது இங்கே காலை ஆறரை மணி. அலை நாகப்பட்டினத்தை அடைந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், முற்பிறவி வினை என்றோ தலையெழுத்து என்றோ சொல்வதை நம்மில் பலர் ஆறுதல் என்று நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அது, உன் பிள்ளை செத்ததற்கு நீதான் காரணம் என்பதன் பணிவான வடிவம்.

மானுடவாதம் சொல்வது: யாரும் எழுதவில்லை. கடலுக்கு உங்கள் மீது கோபமும் இல்லை, அன்பும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அது மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. விதி என்று விட்டிருந்தால் வந்திருக்காது.

இது அழுதுகொண்டிருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டிய பேச்சு இல்லை. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இதை மதவாதிகளும் மானுடவாதிகளும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள், சில சமயம் மதவாதிகள் நன்றாகவே செய்கிறார்கள்.

செத்தபின்

எபிகூரஸ் என்ற கிரேக்கர் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி, நண்பர்களோடு வாழ்ந்து, பாடம் நடத்தினார். பெண்களும் அடிமைகளும்கூட அங்கே வந்து உட்காரலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். சாவைப் பற்றி அவர் சொன்னது எளிது: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லாதபோது பயம் எதற்கு? இருநூறு ஆண்டுக்குப் பின் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இன்னொன்றைச் சேர்த்தார். நாம் பிறப்பதற்கு முன் எவ்வளவோ காலம் ஓடியது. அப்போது நாம் இல்லையே என்று நமக்கு வருத்தமா?

இது மேடைப் பேச்சா, நிஜமாகவே சாகக் கிடக்கும்போது உதவுமா என்று சோதித்துப் பார்க்கப் போனவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல். 1776 ஜூலை 7, எடின்பரோ, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்கு நேரமாகிவிட்டது என்று அங்கே போகாமல், ஊரறிந்த அவநம்பிக்கைக்காரரான தத்துவவாதி டேவிட் ஹியூமின் வீட்டுக்குப் போனார். ஹியூமுக்கு வயிற்றில் தீராத நோய். உடம்பு வற்றிப்போயிருந்தது. மனிதரோ சாம்பல் நிற உடையில் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். மறுமை இருக்கலாம் அல்லவா என்று கேட்டார் பாஸ்வெல். நெருப்பில் போட்ட கரித்துண்டு எரியாமல் போகவும்தான் வாய்ப்பிருக்கிறது என்றார் ஹியூம். இல்லாமல் போய்விடுவோம் என்பது உங்களை உறுத்தவில்லையா? கொஞ்சமும் இல்லை, பிறக்கும் முன் இல்லாமல் இருந்ததைப் போலத்தான் என்று லுக்ரீஷியஸைக் காட்டினார். சாகக் கிடந்தவர் நிம்மதியாக இருந்தார். பார்க்க வந்தவர்தான் கலங்கிப்போய்த் திரும்பினார். ஆகஸ்ட் 25இல் ஹியூம் இறந்தார்.

உடம்பு போனபின் உணர்வு மட்டும் எப்படி மிஞ்சும் என்ற கேள்வி நமக்கும் புதிதில்லை. மணிமேகலையில் அவள் பல சமயவாதிகளைச் சந்தித்துக் கேட்கும் பகுதியில், எல்லாமே நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனது என்கிற பூதவாதி ஒருவர் வருகிறார். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்தால் எப்படிக் கள்ளின் மயக்கம் பிறக்கிறதோ, அப்படித்தான் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறார். பூவிலும் மயக்கம் இல்லை, வெல்லத்திலும் இல்லை. காவியம் அவர் பக்கம் இல்லை, மணிமேகலை சிரித்து, எதிர்வாதமும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஆனாலும் அந்த உவமை நன்றாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் என் சாவைப் பற்றிய பயத்துக்கு மருந்து. பிறர் சாவுக்கு? அதில் எபிகூரஸ் எனக்குக் கை கொடுத்ததில்லை.

பெரியப்பாவின் பேரனுக்கு ஆறு வயது. தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எப்போ வருவாரு என்று வந்து கேட்டான். அக்கா அவனை மடியில் உட்காரவைத்துச் சொன்னாள்: "தாத்தா செத்துட்டாரு கண்ணு. உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. இனிமே வலிக்காது, பசிக்காது. திரும்பி வர மாட்டாரு. டாக்டருக்குப் படிக்கிறவங்க அவர் உடம்பைப் பார்த்துப் படிப்பாங்க." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்களுக்குத் தாத்தா பேரு தெரியுமா?" என்று கேட்டான். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

என்னதான் செய்தோம்

வாதங்களால் மட்டும் வாழ முடியாது, கூடி அழவும் சிரிக்கவும் ஒரு வடிவம் வேண்டும் என்பதை மானுடவாதிகள் பல நாடுகளில் உணர்ந்துவிட்டார்கள். நார்வேயில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் நடக்கும் உறுதிப்பூசுதலுக்கு மாற்றாக, 1951 முதல் மதம் சாராத ஒரு விழா நடக்கிறது. அறம், உரிமை, சுயமாகச் சிந்திப்பது பற்றிச் சில வாரம் வகுப்பு, கடைசியில் குடும்பத்தோடு விழா. ஸ்காட்லாந்தில் மானுடவாத முறைத் திருமணம் 2005 முதல் சட்டப்படி செல்லும்.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியிலேயே நடக்கத் தொடங்கின. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், இவரை நான் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் சரி. அதற்கு முன் அந்த முறையில் நடந்தவையும் செல்லும் என்றாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டத்தின் வாசகப்படி இது இரு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணம். சாமியே இல்லை என்கிற மாப்பிள்ளையும் அந்தப் பட்டியலில்தான் வருகிறார்.

சாவுக்குப் பகுத்தறிவாளர் வீடுகளில் படத்திறப்பு என்று ஒன்று உண்டு. கருமாதிக்குப் பதிலாக ஒரு நாள் குறித்து, இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து, தெரிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் இதைத்தான் கடைசியில் சொன்னோம். வருகிறேன் என்றார்.

வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டோம். அறுபது நாற்காலி, போதவில்லை. புயலடித்த ஒரு ராத்திரியில் கம்பத்தில் ஏறிய கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அவரிடம் வேலை கற்றவன், முதல் நாளே திட்டு வாங்கியதைச் சொன்னான். பழைய கூட்டாளி ஒருவர் எழுந்து, எல்லாம் சரி, சீட்டாட்டத்தில் மட்டும் ஆள் அழுகுணி ஆட்டம் ஆடுவான் என்றதும் மாடியே சிரித்தது. அந்த ஒரு சிரிப்பில்தான் அன்று பெரியப்பா வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேரன் முன்வரிசையில், தாத்தாவின் டெஸ்டரை டிராயர் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலையும் நேரத்தில் பெரியம்மா உள்ளே போய் ஒரு அகல் விளக்கை எடுத்து வந்து படத்துக்கு முன்னால் ஏற்றினார். அவர் இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பெரியப்பா அதற்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. டைரியில் எழுதியிருந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மாடியில் நல்ல காற்று. எதிர்வீட்டுக்காரர்தான் ஒரு நாற்காலியை இழுத்து விளக்குக்கு மறைப்பாக வைத்தார்.